விற்க முடியாத கொப்பரா வீட்டுக்கும் ஆகாது

(கொடிகாமத்தில் தென்னந்தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மலையக வாசகர்களின் பயன் கருதி இங்கு வெளியிடுகிறோம்.)



கொடிகாமம் என்றதும் வெளியூரில் இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று விடயங்கள் உடனே நினைவுக்கு வரும். ஒன்று சந்தை. இன்னொன்று, இங்கிருந்து பருத்தித்துறைக்கு ஓடிய தட்டிவான். எல்லாவற்றுக்கும் மேலாகத் தென்னை. பளையிலிருந்து கொடிகாமம் வரை தென்னை சோறு போடாத வீடு குறைவு. அதனால்தான் இன்றைய பேச்சைத் தேங்காயிலிருந்தே தொடங்குகிறோம்.

இந்தக் கூட்டத்துக்கு வருமுன், கொப்பரா காயவைக்கும் முற்றம் ஒன்றைப் பார்க்கப் போனோம். அங்கே ஒரு அம்மா கொப்பராவை மூன்று குவியலாகத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். முதலாவது குவியல் வெள்ளை வெளேரென்றிருந்தது. அது லொறிக்கு. இரண்டாவது கொஞ்சம் நிறம் மங்கியது, குறைந்த விலைக்குப் போகும். மூன்றாவதில் பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

“இது எங்கே போகிறது அம்மா?” என்று கேட்டோம்.

“அதுவோ? அது எங்களுக்கு ஐயா. விக்க ஏலாது. பழுதைச் சீவிப்போட்டு, திருப்பிக் காயவைச்சு, செக்கிலை குடுத்தா ரெண்டு மூண்டு போத்தல் எண்ணெய் வரும். எறிஞ்சாப் பாவமெல்லோ?” என்றார்.

அந்த அம்மா சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. வியர்வை சிந்தி உழைத்தவருக்கு ஒரு தேங்காய்ச் சொட்டையும் எறிய மனம் வராது. 2024ஆம் ஆண்டின் கடைசியில் தேங்காய் விலை ஏறியபோது, எறிவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. ஆனாலும் அந்த மூன்றாவது குவியலைப் பற்றி நாம் பேசியே ஆகவேண்டும். அதிலிருக்கும் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, சுவையிலும் பிடிபடாது. உடம்பின் உள்ளே எமது டி.என்.ஏ.யில் போய் ஒட்டிக்கொள்வது அதன் வேலை.

வான்கோழிகள் சொன்ன செய்தி

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் திடீரென்று சாகத் தொடங்கின. சில மாதங்களுக்குள் ஒரு இலட்சத்துக்கு மேல் இறந்தன. என்ன நோய் என்று வைத்தியர்களுக்கு விளங்கவில்லை. தேடிப் பார்த்தபோது, அவற்றுக்குப் போட்ட தீனியில் பிரேசில் நாட்டுக் கச்சான் புண்ணாக்கு கலந்திருந்தது தெரியவந்தது. அந்தப் புண்ணாக்கில் அஸ்பெர்ஜிலஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் வளர்ந்து ஒரு நஞ்சை விட்டிருந்தது. அந்தப் பூஞ்சணத்தின் பெயரிலிருந்தே நஞ்சுக்கும் அஃப்லாடொக்சின் என்று பெயர் வைத்தார்கள்.

வெப்பமும் ஈரமும் உள்ள எங்களைப் போன்ற நாடுகளில் இந்தப் பூஞ்சணம் நன்றாக வளரும். கச்சான், சோளம், செத்தல் மிளகாய், கொப்பரா ஆகியவை அதற்கு விருப்பமான இடங்கள். காய்ந்ததென்று நினைத்து உள்ளே ஈரத்தோடு மூட்டை கட்டினால், அது மூட்டைக்குள் குடியேறிவிடும்.

“கோழிக்கு வந்தது மனிசருக்கு வருமோ?” என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது. 1974ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இந்தியாவின் இராஜஸ்தான், குஜராத் எல்லையோரக் கிராமங்களில் அது நடந்தது. அறுவடை நேரத்தில் காலம் தவறிய மழை பெய்து சோளம் நனைந்தது. அந்தச் சோளத்தைச் சாப்பிட்டவர்களுக்கு மஞ்சட்காமாலை வந்து வயிறு வீங்கியது. 397 பேர் நோயுற்றதாகவும், அவர்களில் 106 பேர் இறந்ததாகவும் பதிவு உள்ளது. அதே சாப்பாட்டைத் தின்ற ஊர் நாய்களும் செத்தன. நோயில் விழுந்தவர்கள் மிக ஏழைகளான பழங்குடி மக்கள். வேறு தானியம் வாங்க வசதியுள்ளவர்கள் தப்பிக்கொண்டார்கள். பூஞ்சணம் பிடித்ததென்று தெரிந்தும், வேறு வழியில்லாமல் அதைச் சாப்பிட்டவர்களையே நஞ்சு பிடித்தது.

இங்கேதான் எங்கள் மூன்றாவது குவியல் எமக்கு நினைவுக்கு வருகிறது.

எங்கள் நாட்டிலும் இந்தப் பெயர் அடிபட்டது. 2021 மார்ச் மாதம், சித்திரைப் புத்தாண்டுப் பலகாரத்துக்குச் சனங்கள் எண்ணெய் வாங்கும் காலத்தில், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான சுத்திகரிக்கப்படாத தேங்காயெண்ணெயில் அளவுக்கு மேல் அஃப்லாடொக்சின் இருப்பதாகப் பரிசோதனையில் தெரியவந்தது. அந்த எண்ணெயைத் திருப்பி அனுப்பும்படி உத்தரவு போனது. நாடு முழுவதும் அதைப் பற்றியே பேச்சு. ஆனால் துறைமுகத்தில் வந்திறங்கும் எண்ணெயைத்தான் அரசாங்கம் பரிசோதிக்கும். எமது குசினியில் இருக்கும் போத்தலை யார் பரிசோதிப்பது? நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடம்பின் செக்ரோல்

சரி, இந்த நஞ்சு உள்ளே போய் என்ன செய்கிறது?

தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குச் செக்ரோல் என்றால் சொல்லித் தரத் தேவையில்லை. யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கும். அதில் ஒரு எண் மாறினால் உங்கள் சம்பளம் மாறிவிடும்.

எமது உடம்பு கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரு செக்ரோல் உண்டு. அதுதான் டி.என்.ஏ. இந்தக் கலம் எப்போது பிரியவேண்டும், எப்போது நிற்கவேண்டும், என்ன வேலை செய்யவேண்டும் என்ற கட்டளையெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. அந்த எழுத்துக்கள் நான்கே நான்கு: அடெனின், தைமின், குவானின், சைற்றோசின். இந்த நான்கையும் மாற்றி மாற்றி, ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்களில் மனிதனுடைய புத்தகம் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது புத்தகம் முழுவதையும் பார்த்துப் பிரதி எடுக்க வேண்டும்.

அஃப்லாடொக்சின் உணவோடு போய்ச் சேரும் முக்கிய இடம் ஈரல். ஈரல் எமது உடம்பின் துப்புரவுத் தொழிலாளி. வேண்டாத பொருளைத் தண்ணீரில் கரையக்கூடியதாக மாற்றி வெளியே அனுப்புவது அதன் கடமை. அதற்காக ஈரலிலுள்ள நொதியங்கள் அஃப்லாடொக்சினில் ஒரு ஒட்சிசன் அணுவைச் சேர்க்கின்றன. அப்போதுதான் வினை தொடங்குகிறது. ஒட்சிசன் சேர்ந்த அந்த வடிவம் பழைய வடிவத்தைவிட மூர்க்கமானது. கிட்ட அகப்படுவதைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். உடம்பு அதில் பெரும்பகுதியைக் குளுட்டதயோன் என்ற பொருளால் அடக்கி வெளியேற்றிவிடும். அகப்படாமல் மீந்தது டி.என்.ஏ.யில் உள்ள குவானின் என்ற எழுத்தில் போய் ஒட்டுகிறது.

செக்ரோலில் ஒரு எழுத்தின் மேல் மை கொட்டியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் துடைத்துத் திருத்தவும் உடம்பில் ஆள் உண்டு. பழுதான துண்டை வெட்டியெடுத்து, சரியான எழுத்தைத் திரும்ப எழுதும் நொதியங்கள் இரவு பகலாக வேலை செய்கின்றன. ஆனால் திருத்துமுன் கலம் பிரியத் தொடங்கிவிட்டால், பிரதி எடுப்பவர் மைக்கறையைப் பார்த்து, குவானின் இருந்த இடத்தைத் தைமின் என்று வாசித்து எழுதிவிடுவார். அடுத்த பிரதியில் மைக்கறை இருக்காது, பிழையான எழுத்துத்தான் இருக்கும். அதற்குப் பிறகு அது பிழையென்று ஒருவருக்கும் தெரியவராது.

300 கோடியில் ஒரு எழுத்து மாறினால் என்ன? அனேகமாக ஒன்றும் ஆகாது. ஆனால் மாறிய எழுத்து எந்த வரியில் இருக்கிறது என்பதைப் பொறுத்த விடயம் இது. ஒவ்வொரு கலத்திலும் கங்காணி வேலை பார்க்கும் பரம்பரையலகு ஒன்று உண்டு. பி-53 என்பது அதன் பெயர். செக்ரோலில் பழுது கண்டால், “நில், திருத்திப்போட்டுப் பிரி” என்று கலத்தை மறிப்பது அதுதான். திருத்த முடியாத கலத்தைச் சாகும்படி விடுவதும் அதுதான். 1991இல் சீனாவின் சிடோங் பகுதியிலும் தென் ஆபிரிக்கப் பகுதிகளிலும் அஃப்லாடொக்சின் மிகுந்த உணவு உண்ட மக்களின் ஈரற் புற்றுக்கட்டிகளை ஆய்ந்தார்கள். ஏறக்குறைய பாதிக் கட்டிகளில் அந்தக் கங்காணியின் வரியிலேயே, அதுவும் ஒரே இடத்தில், 249ஆவது மூன்றெழுத்துச் சொல்லில், குவானின் போய்த் தைமின் வந்திருந்தது. திருடன் விட்டுப்போன கால்தடம் போல அது அகப்பட்டது.

கங்காணி இல்லாத கலம் கேட்பாரின்றிப் பிரியும். பிழைக்கு மேல் பிழை சேரும். இப்படிப் பல பிழைகள் சேர்ந்து, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகிறது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1987இலேயே அஃப்லாடொக்சினை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதற் தொகுதியில் சேர்த்துவிட்டது. ஈரலழற்சி-பி வைரசும் உடம்பில் இருந்தால் ஆபத்துப் பல மடங்காகும். அந்த வைரசினால் ஈரற் கலங்கள் செத்துச் செத்துப் புதிதாகப் பிரிகின்றன. பிரதி எடுப்பது கூடினால் பிழையும் கூடும்தானே. எமது நாட்டில் 2003ஆம் ஆண்டு தொடங்கிக் குழந்தைகளுக்கு இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பார்த்து, விடுபட்டிருந்தால் மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள்.

சீவினாலும் காய்ச்சினாலும் போகாது

“பழுதைச் சீவிப்போட்டால் போதாதோ?” என்பது அந்த அம்மாவின் எண்ணம். பூஞ்சணத்தின் நூல்கள் வெளியே தெரியும் இடத்தோடு நிற்பதில்லை, உள்ளே ஊடுருவிப் போகின்றன. மேலே துடைத்தால் பூஞ்சணம் போகும், உள்ளே விட்ட நஞ்சு இருக்கும். திரும்பக் காயவைத்தால் பூஞ்சணம் மேலும் வளராது. ஆனால் ஏற்கனவே விட்ட நஞ்சு காய்ந்தாலும் அழியாது.

“காய்ச்சினால் செத்துப்போகும்” என்று இன்னும் சிலர் சொல்வார்கள். கிருமி சாகும், நஞ்சு சாகாது. கொதிக்கும் கறியின் வெப்பம் 100 பாகை செல்சியஸ் அளவுதான். பலகாரம் பொரிக்கும் எண்ணெய் 180 பாகை அளவு. அஃப்லாடொக்சின் சிதைவதற்கு 240 பாகை அளவில் வெப்பம் வேண்டும். எந்தக் குசினியிலும் அவ்வளவு வெப்பத்தில் சமைப்பதில்லை.

பெரிய ஆலைகளில் எண்ணெயைக் காரம் சேர்த்துச் சுத்திகரித்து வெளிறச் செய்யும்போது நஞ்சின் பெரும்பகுதி நீங்கிவிடும். செக்கில் ஆட்டி அப்படியே போத்தலில் விடும் எண்ணெய்க்கு அந்த வேலை நடப்பதில்லை. நாங்கள் செக்கு எண்ணெயைக் குறை சொல்லவில்லை. நல்ல கொப்பராவில் ஆட்டினால் அது நல்ல எண்ணெய்தான். பழுதான கொப்பராவை ஆட்டினால், நஞ்சில் ஒரு பங்கு எண்ணெயோடு வரும், மிகுதி புண்ணாக்கில் தங்கும். அந்தப் புண்ணாக்கை மாட்டுக்கு வைத்தால், அஃப்லாடொக்சின் கொஞ்சம் உருமாறிப் பாலில் வருகிறது. அந்தப் பாலைக் குடிப்பது யார்? எமது பிள்ளைகள்தான்.

புகையும் வெற்றிலையும்

மாரிகாலத்தில் வெயில் இல்லை. அப்போது கொப்பராவைப் போறணையில் சிரட்டை எரித்துக் காயவைப்பார்கள். இதிலும் ஒரு கவனம் தேவை. பச்சை மட்டையையும் பொச்சையும் போட்டுப் புகைய விட்டால், புகையிலுள்ள பென்சோபைரீன் என்ற பொருள் கொப்பராவில் படியும். அதுவும் உடம்புக்குள் போய் ஒட்சிசன் சேர்ந்து, மூர்க்கமாகி, அதே குவானினில்தான் ஒட்டுகிறது. பூஞ்சணத்துக்குப் பயந்து புகையில் விழுந்த கதையாகக் கூடாது. நன்றாகக் காய்ந்த சிரட்டையை ஒன்றோடொன்று கோத்து வரிசையாக அடுக்கி, ஒரு நுனியில் தீ வைத்து மெல்ல எரிய விடுவது எமது நாட்டில் பழகிவந்த முறை. புகை குறைவு, சூடு சீராக வரும்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கும் ஒரு சொல். மலையகத்திலும் வடக்கிலும் வேலைக்களைப்புத் தீர வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை போடுவது வழக்கமாகிவிட்டது. பாக்கும் புகையிலையும் வாயிலுள்ள கலங்களின் டி.என்.ஏ.யைப் பழுதாக்குகின்றன. புகையிலை இல்லாமல் வெறும் பாக்குப் போட்டாலும் புற்றுநோய் வரும் என்று மேற்சொன்ன முகவரகம் 2004இல் அறிவித்தது. வாயில் வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்க முடியாத இறுக்கம் ஏதாவது இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால், நோகவில்லை என்று சும்மா இராமல் வைத்தியரிடமோ பல் வைத்தியரிடமோ காட்டுங்கள்.

அப்ப என்ன செய்யிறது?

பயப்படுத்துவதற்காக நாங்கள் இதைச் சொல்லவில்லை. ஒருநாள் பழுதான கச்சானைச் சாப்பிட்டதால் புற்றுநோய் வந்துவிடாது. உடம்பு திருத்திக்கொள்ளும். நாள்தோறும், ஆண்டுக்கணக்காக உள்ளே போவதுதான் ஆபத்து. சீனாவின் சிடோங் மக்கள் 1980களில் பூஞ்சணம் பிடிக்கும் சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினார்கள். பிந்திய ஆண்டுகளில் அங்கே ஈரற் புற்றுநோய் கணிசமாகக் குறைந்தது. சாப்பாடு மாறினால் நோயும் குறையும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நாம் செய்யக்கூடியவை இவை:

1. உடைத்த தேங்காயை நாலு மணித்தியாலத்துக்குள் வெயிலிலோ போறணையிலோ போடுங்கள். பச்சைப் பருப்பில் பாதியளவு தண்ணீர்தான். நல்ல கொப்பராவில் 6 அல்லது 7 வீதம் ஈரமே இருக்கும். காயாத தேயிலைத்தூளைப் பெட்டியில் அடைத்தால் என்ன ஆகும் என்று தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். கொப்பராவுக்கும் அதே விதிதான்.

2. மழை வரும் அறிகுறி தெரிந்தால் அள்ளி மூடுங்கள். நனைந்ததைக் காய்ந்ததோடு கலக்காதீர்கள்.

3. மூட்டையை மண்தரையில் வைக்காமல் பலகை போட்டு, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஈரம் போகாததைப் பொலித்தீன் பையில் கட்டாதீர்கள்.

4. பூஞ்சணம் பிடித்ததைத் தரம் பிரிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். பிரித்ததை மாட்டுக்கோ கோழிக்கோ போடாமல் மண்ணில் புதையுங்கள்.

5. லயத்து அறையானாலும் சரி, இங்குள்ள குடிசையானாலும் சரி, கச்சான், செத்தல் மிளகாய், சோளம் ஆகியவற்றைக் கொஞ்சமாக வாங்கி, மூடியுள்ள தகரப்பேணியில் வையுங்கள். அடிக்கடி வெயில் காட்டுங்கள். சுருங்கிய, நிறம் மாறிய, கைக்கும் கச்சானைத் துப்பிவிடுங்கள். பிள்ளைக்கும் துப்பச் சொல்லிக் கொடுங்கள்.

6. காறல் வாடை அடிக்கும் எண்ணெயை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். வாடை இல்லாவிட்டாலும், எங்கே, எந்தக் கொப்பராவில் ஆட்டியது என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒரு சொல். இது தொழிலாளர்களுக்கு மட்டுமல்ல, முதலாளிமாருக்கும் மேற்பார்வை செய்பவர்களுக்கும் சேர்த்துத்தான். பழுதான கொப்பராவைக் கூலியின் ஒரு பங்குபோலத் தொழிலாளிக்குக் கொடுப்பது உதவி ஆகாது. வீட்டுக்கு எண்ணெய் கொடுப்பதானால் முதலாவது குவியலிலிருந்து கொஞ்சம் கொடுங்கள். அதற்கு ஆகும் செலவு சிறிது. மழைக்கு மூட ஒரு படங்கு, புகையாத ஒரு போறணை, அடியில் போட நாலு பலகை இருந்தால் மூன்றாவது குவியலே சிறுத்துவிடும். அப்போது முதலாளிக்கும் இலாபம், தொழிலாளிக்கும் சுகம். இதைச் சங்கக் கூட்டத்தில் நீங்கள் கேட்கவேண்டும். கேட்பதில் வெட்கமில்லை.

அந்த அம்மாவிடம் நாங்கள் திரும்பிப் போய் இதையெல்லாம் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப ஐயா, லொறிக்காரன் வேண்டாமெண்டு தள்ளினதை என்ரை பேரப்பிள்ளைக்கு ஊத்திக் குடுத்திருக்கிறன்” என்றார். அவர்மேல் ஒரு பிழையும் இல்லை. தெரியாமல் செய்தது. தெரிந்த பிறகு நாம் எல்லோரும் செய்யவேண்டியது ஒன்றுதான். சந்தையில் விலைபோகாத பொருளுக்கு எமது பிள்ளைகளின் சட்டியில் இடம் கொடுக்கக் கூடாது. எறிந்தால் பாவம் என்று நினைக்கும்போது, பாவம் கொப்பராவோ பிள்ளையோ என்று ஒருதரம் யோசியுங்கள்.